தெய்வானைப்பிள்ளை வளவுச் சோடா

மட்டக்களப்பு ஸ்டேஷனில் சோடா மிஷினை இறக்கும்போது நாலு பேர் இருந்தோம். நான்; என் பெரியப்பா மகன் மாடசாமி அண்ணன்; எங்களோடு அதே பெட்டியில் வந்து, இறங்கியதும் தானாகவே ஒரு கை கொடுத்த காத்தான்குடி வியாபாரி மீராலெவ்வை காக்கா; நாலாவது ஆள் கூலிக்கு வந்த போர்ட்டர். வராதவர்கள் மூன்று வகை. கப்பலடி வரை வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கிளம்பிய அன்றும் பனையை விட்டு இறங்காத என் அப்பா. ‘நல்ல தண்ணி இருக்க வீடா அமைஞ்சா ஆள் அனுப்புங்க, உப்புத் தண்ணி குடிக்க நான் கடல் தாண்ட மாட்டேன்’ என்று சொல்லிவிட்ட மாடசாமி அண்ணன் மனைவி செல்லக்கனி மதினி. அப்புறம், எங்கள் சோடா பாட்டில் பெட்டிகள் பன்னிரண்டு.

பெட்டிகள் வராததற்குக் காரணம் நாங்களேதான். வண்டி நடுவழியில் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி திருகோணமலைக்குப் போகும் என்பது எங்களுக்குத் தெரியாது. மிஷினை ஒரு பாதியிலும் பாட்டில்களை மறுபாதியிலும் ஏற்றிவிட்டு, அப்பா கட்டிக் கொடுத்த கருப்பட்டியைக் கடித்தபடி நிம்மதியாக வந்திருக்கிறோம்.

“போத்தலெல்லாம் திருக்கோணமலைக் கடல் பாக்கப் போயிருக்கு. நாலு நாளையில வரும், யோசிக்காதீங்க” என்றார் காக்கா. இங்கே பாட்டிலைப் போத்தல் என்கிறார்கள். இனி நானும் அப்படியே எழுதுகிறேன். குடியிருக்க வந்தவன் ஊர்ச் சொல்லைப் பழகிக்கொள்ள வேண்டும் அல்லவா?

ஆம், குடியிருக்கத்தான் வந்தோம். தேரிக்காட்டுச் செம்மணலில் எங்கள் வம்சத்தில் பனையேறாத முதல் ஆள் நான். எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு வாத்தியார் ஒருமுறை வகுப்பையே எழுப்பி வரிசையாக வந்து பார்க்கச் சொன்னார். அண்ணனுக்கு எழுத்து தெரியாது. ஆனால் தூத்துக்குடியில் ஒரு சோடாக் கம்பெனியில் ஆறு வருஷம் சக்கரம் சுற்றியவர். அவர் கையும் என் எழுத்தும் அப்பாவின் உழவு மாட்டை விற்ற பணமும்தான் எங்கள் முதல். பழைய மிஷின் ஒன்றை விற்றவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: ஆடி முடிவதற்குள் திருப்பிக் கொண்டுவந்தால் முக்கால் விலைக்கு எடுத்துக்கொள்வார். அதற்குப் பிறகு அது எங்கள் தலையில்தான். வந்து இறங்கியபோது ஆனி பாதி கழிந்திருந்தது.

அன்று காக்கா எங்களை விடவில்லை. மிஷினை ஒரு மாட்டு வண்டியில் ஏற்றி, கல்லடி இரும்புப் பாலத்தைத் தாண்டி, காத்தான்குடிக்கே கூட்டிக்கொண்டு போனார். பாலத்தின் மேல் அண்ணன் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி எட்டிப் பார்த்தார். இரு பக்கமும் வாவித் தண்ணீர். தென்னை அதில் தலைகீழாக நிற்கிறது. “ஏல சம்முகம், இம்புட்டுத் தண்ணியா! நம்ம ஊர்க்காரன் பாத்தா அழுதுருவான்” என்றார். காக்கா சிரித்தார். “அவ்வளவும் உப்புத் தண்ணி, மச்சான். பாக்கத்தான் ஏலும்.”

சாப்பாட்டை எழுதாவிட்டால் எனக்கே மனது கேட்காது. வாவி நண்டைத் தேங்காய்ப்பாலில் குழம்பு வைத்து, குழாயிலிருந்து தள்ளிய பிட்டோடு பரிமாறினார்கள். முடிந்தது என்று கை கழுவ எழுந்தபோது மண்சட்டியில் எருமைத் தயிர் வந்தது. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. அதில் வாழைப்பழமும் சர்க்கரையும் பிசைந்து சாப்பிட வேண்டுமாம். அண்ணன் இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்.

“நல்ல வீடு காக்கா” என்றேன், உண்ட களைப்பில்.

“என்ர இல்ல தம்பி. ஊட்டுக்காரிர” என்றார் அவர். “இஞ்ச காணி, வளவு பாக்கிறதெண்டா அடுப்படியிலதான் கேக்கணும். முன்வாசல்ல நிண்டு கேட்டா தேத்தண்ணி மட்டும்தான் கிடைக்கும்.” வளவு என்றால் வீட்டைச் சுற்றிய தோட்டம்; தேத்தண்ணி என்றால் டீ. நானும் அண்ணனும் விழுந்து விழுந்து சிரித்தோம். மனைவிக்குப் பயந்த மனுஷர் எந்தச் சீமையிலும் உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கச்சேரி. இங்கே கச்சேரி என்பது சர்க்கார் காரியாலயம், பாட்டுக்கச்சேரி இல்லை. கண்ணாடி போட்ட குமாஸ்தா ஒருவர் என் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார். கையெழுத்தைப் பார்த்து மயங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

“சோடா செய்யிறது சரி. எங்க இருந்து செய்வீர்?”

“இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் ஐயா.”

“இடம் பார்த்தாப் போல காணாது. இவருக்கு இன்ன ஊரில இன்ன வளவில இருப்பிடம் இருக்கு, நிலையா இருக்கப்போறவர் எண்டு அந்த ஊர் விதானையார் எழுதித் தரவேணும். அது இல்லாமல் நீர் வந்து போற ஆள். வந்து போற ஆளுக்கு விற்க அனுமதி இல்லை.”

விதானையார் என்பவர் ஊர்த் தலைமைக்காரர்; காணாது என்றால் போதாது. ஆக, வேண்டியது ஒரு வளவு, அதில் ஒரு கிணறு, அந்த ஊர் விதானையாரிடமிருந்து நாலு வரி. ஆடி முடிவதற்குள். நான் உற்சாகமாகத்தான் வெளியே வந்தேன். எழுத்தில் முடிகிற காரியம் என்றால் எனக்குப் பயமில்லை.

அடுத்த மூன்று நாளும் கிணறு கிணறாக அலைந்தோம். அண்ணன் வாளியை இறக்கி, ஒரு கை அள்ளி, வாயில் வைத்து, கண்ணை மூடி, துப்புவார். புளியந்தீவில் மூன்று கிணறு, மூன்றிலும் துப்பினார். கல்லடியில் ஒன்று; துப்பியதோடு வாயையும் கொப்பளித்தார். ஒரு வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு, “உங்கட ஊர்ல கிணத்துக்குள்ள தேனா ஊறுது?” என்று கேட்டார். அண்ணன் யோசித்துவிட்டு, “இல்லய்யா, எங்க ஊர்ல கிணறே ஊறாது” என்றார் உண்மையாக. அந்த மனுஷர் சிரித்து, இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

எட்டாவது கிணறு அமிர்தகழியில் கிடைத்தது. மாமாங்கேஸ்வரர் கோயில் குளத்துக்கு இரண்டு கூப்பிடு தூரத்தில், பூவரசு வேலி போட்ட பெரிய வளவு. அண்ணன் ஒரு கை குடித்தார். துப்பவில்லை. இன்னொரு கை குடித்தார். பிறகு வாளியையே தூக்கிக் குடித்தார்.

“சம்முகம்,” என்றார் வாயைத் துடைத்துக்கொண்டு, “இந்தத் தண்ணிக்குச் செல்லக்கனி வருவா.”

வீட்டில் இருந்தவர் சாமித்தம்பி. ஐம்பது வயது இருக்கும். இடுப்பில் வெள்ளைச் சாரம், தோளில் துண்டு, சிரித்த முகம். அவர் எதற்குமே இல்லை என்று சொல்லவில்லை. வளவின் மூலையில் கொட்டகை போடலாமா? “போடலாமே.” கிணற்றுத் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாமா? “தண்ணி ஊறத்தானே செய்யுது.” மாதம் ஐந்து ரூபாய் வாடகை? “குறைச்சலெண்டு சொல்ல ஏலாது.” தயிரும் தேத்தண்ணியும் வந்தன. நான் அன்று மாலையே முத்திரைத்தாள் வாங்கி, எல்லை, கிணறு, வாடகை, காலம் எல்லாம் பிசகில்லாமல் ஒரு குத்தகைச் சீட்டு எழுதினேன். இன்று நினைத்தாலும் நல்ல எழுத்து. ‘கையெழுத்துப் போட முடியுமா?’ என்று கேட்டேன். “ஏலுமே” என்று சொல்லி, நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகப் போட்டார்.

திருகோணமலை போன போத்தல்களும் வந்து சேர்ந்தன. எங்கோ தூரதேசம் போன பிள்ளை வீடு திரும்பியதைப்போல அண்ணன் ஒவ்வொன்றையும் வெயிலில் தூக்கிப் பார்த்தார். கழுத்துக்குள் கோலி உருளும் சத்தம் கேட்டாலே அவருக்குச் சந்தோஷம். காத்தான்குடியிலிருந்து மிஷின் வந்தது. கொழும்பிலிருந்து இரண்டு கேஸ் சிலிண்டரும் வந்தன. கொட்டகைக்குக் கால் நட்டோம். மிஷினுக்கு அடித்தளம் போட முழங்கால் ஆழம் தோண்டினோம். சாமித்தம்பி தாமே மண்வெட்டி பிடித்தார்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு, வேலிக்கு அப்பால் ஒரு மாட்டு வண்டி நின்றது. நெல் மூட்டைகளின் மேலிருந்து ஒரு பெண்மணி இறங்கினார். உயரம், நரையோடிய கொண்டை, கால் எல்லாம் சேறு காய்ந்த வெண்மை. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கும் தமது வயல் வட்டையில் சிறுபோக அறுவடை பார்த்துவிட்டுப் பன்னிரண்டு நாளுக்குப் பிறகு தோணி ஏறி வருகிறார். குழியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். கடைசியாகச் சாமித்தம்பியைப் பார்த்தார்.

“ஆர் செத்தது?” என்றார்.

“ஆரும் சாகல்ல புள்ள. சோடா…”

“என்ர வளவில குழி தோண்டச் சொல்லி ஆர் சொன்ன?”

நான் முன்னே போய், மரியாதையாக, குத்தகைச் சீட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. “அதில ஆர்ர கையெழுத்து?”

“உங்கள் வீட்டுக்காரர் கையெழுத்து அம்மா.”

“அவர்ர கையெழுத்து அவர்ர சொத்துக்குத்தான் செல்லும். அவருக்குச் சொத்து எண்டு இஞ்ச இருக்கிறது அந்தச் சாரமும் துண்டும்தான்.”

வண்டிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு மாட்டைப் பார்த்துத் திரும்பினார். சாமித்தம்பி மண்வெட்டியை மெல்லச் சுவரில் சாய்த்தார்.

“ஐயா, நீங்கள் எங்களிடம் சொல்லியிருக்கலாமே?”

“தம்பி கோவிக்கப்படாது” என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. “கையெழுத்துப் போட ஏலுமோ எண்டு கேட்டீங்க. ஏலும், போட்டன். கிணறு ஆருடையது எண்டு கேக்கல்லயே. நான் இஞ்ச வந்த மாப்பிள்ளை.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த ஊரில் வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குப் போகின்றன. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருகிறார். காக்கா சொன்னது வேடிக்கைப் பேச்சே இல்லை, நில விவரம். எங்கள் ஊரில் ஒரு காணி பேச நாலு ஆம்பிளைகள் உட்கார்ந்தால் போதும். பெண்களைக் கேட்க வேண்டும் என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எட்டாம் வகுப்புப் படித்தவன் முன்வாசலில் நின்று, தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

மாடசாமி அண்ணன் தோண்டிய மண்ணைத் திரும்பக் குழிக்குள் தள்ள ஆரம்பித்தார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

காத்தான்குடிக்கு ஓடினேன். காக்கா விஷயத்தைக் கேட்டு, கடையில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னார். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, “இஞ்ச காணி எழுத்து, பத்திரம் முடிக்கிற நொத்தாரிசுக்கிட்டத்தான் எழுதுற, நீ எழுதினது லவ் லெட்டர்” என்றார். பிறகு அடங்கிய குரலில், “திரும்பிப் போ. வெத்திலைத் தட்டோட போ. தட்டை முன்வாசல்ல இல்ல, அடுப்படி வாசல்ல வைக்கணும். கேக்கிறத அந்தப் பொம்புளைக்கிட்டக் கேளு. அவ இல்லையெண்டா இல்லைதான். ஓமெண்டா ஊரே ஓம்.”

அடுத்த நாள் வட்டா என்கிற பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு பொட்டலம் கருப்பட்டி வைத்து, பின்பக்கமாகப் போனோம். அந்த அம்மாள், தெய்வானைப்பிள்ளை என்று பெயர், அடுப்பூதிக்கொண்டிருந்தார். வட்டாவை வாசற்படியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் திரும்பிப் பார்த்து, வட்டாவைப் பார்த்து, “இப்பதான் மனுசர் வந்திருக்கு” என்றார்.

நாங்கள் யார், எதற்கு வந்தோம், மிஷின் என்ன செய்யும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கருப்பட்டியை உடைத்து வாயில் போட்டு, “ஆர் காய்ச்சின?” என்றார். “எங்கள் அம்மா” என்றேன். “கை சுத்தமான பொம்புளை” என்றார். அண்ணனிடம் மனைவி எங்கே என்றார். அண்ணன் தண்ணீர்க் கதையைச் சொன்னார். அவருக்குச் செல்லக்கனி மதினியைப் பார்க்காமலே பிடித்துவிட்டது என்று தோன்றியது.

“கிணறு என்ர அம்மாட அம்மா வெட்டின” என்றார். “மூலையில கொட்டில் போடுங்க. மாதம் அஞ்சு காணும். ஆனா ஒண்டு. மாமாங்கத்தில கொடி ஏறித் தீர்த்தம் முடியும் மட்டும் இந்தக் கிணத்துத் தண்ணிக்கு ஆரும் காசு வாங்கினதில்ல. படுவான்கரையில இருந்து நடந்து வாற சனம் இஞ்சதான் குடிக்கும். அந்தப் பத்து நாளும் ஒரு சொட்டு விக்கப்படாது.”

எங்கள் கணக்கே அந்தப் பத்து நாள்தான். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வருகிற அவ்வளவு கூட்டமும் இந்த வேலியைத் தாண்டித்தான் போகும். அதில் விற்றால்தான் மாட்டின் விலையில் பாதியாவது தேறும்.

அண்ணன் ஒரு வழி பார்த்தார். “அம்மா, தண்ணிக்குக் காசு வேண்டாம். உள்ள இருக்க கேஸும் கோலியும் எங்களது. அதுக்கு மட்டும் வாங்கிக்கிடுதோம்.”

“அப்ப கேஸை மட்டும் குடுங்க. தண்ணி என்ர கிணத்தில கிடக்கட்டும்.”



“விதானையார் கடிதம்…” என்று இழுத்தேன்.

“தீர்த்தம் முடியட்டும். மறுகா பாப்பம். ஆர் எப்பிடி எண்டு பாக்காம என்ர வளவில இருக்கிறவன் எண்டு நான் எப்பிடிச் சொல்ற?”

வாவிக்கரையில் உட்கார்ந்து நானும் அண்ணனும் முதல்முறையாகச் சண்டை போட்டோம். தீர்த்தத்துக்குப் பிறகு ஆடியில் ஒரு வாரம்தான் மீதி. அந்த அம்மாள் மாட்டேன் என்றால், மிஷினைத் தூத்துக்குடியில் கொண்டுபோய்ச் சேர்க்க அந்த நாள்கள் மட்டுமட்டாகப் போதும். இப்போதே மூட்டை கட்டினால் முக்கால் விலை நிச்சயம்.

“சும்மா குடுத்துப் பார்ப்போமே அண்ணே” என்றேன். “விற்கத்தானே அனுமதி வேண்டும்? சும்மா கொடுக்க யாரைக் கேட்க வேண்டும்? தீர்த்தத்தன்று ஒரு நாள். ஊர் முழுக்க ஒரு வாய் குடித்துப் பார்க்கட்டும்.”

“ஏல, மிஷினைத் திருப்பிக் குடுத்தா முக்காப் பணம் வரும். சோடாவைச் சும்மா குடுத்தா ஏப்பம்தான் வரும்.”

எதிர்க்கரையிலிருந்து ஒரு தோணி நெல் ஏற்றிக்கொண்டு வந்தது. அது கரை சேருகிறவரை அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“அந்தத் தண்ணிய விட்டுட்டுப் போக எனக்கும் மனசில்ல ஏல. சீனி எத்தன மூட்ட வேணும்னு கணக்குப் போடு.”

கொடி ஏறியது. ஒன்பது நாளும் மிஷின் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. நாங்கள் கிணற்றடியில் நின்று வருகிறவர்களுக்குத் தண்ணீர் இறைத்து ஊற்றினோம். என் உள்ளங்கை முதல்முறையாகத் தழும்பேறியது. அப்பா பார்த்திருந்தால் சிரித்திருப்பார். பன்னிரண்டு பெட்டி போத்தலையும் கழுவி, எலுமிச்சை எசன்சும் சீனிப்பாகும் இஞ்சிச் சாறும் தயாராக வைத்தோம்.

அமாவாசை விடிந்தபோது வேலியோரம் தலைகளாகத் தெரிந்தன. குளத்தில் முழுகி, நனைந்த துணியோடு, திருநீறு கரைந்து வழிய, சனம் வந்துகொண்டே இருந்தது. அண்ணன் முகத்தில் கம்பி வலை, கைகளில் சாக்கு சுற்றி, போத்தலைக் கூண்டில் வைத்து மூடினார். சக்கரத்தைச் சுற்ற நான் போவதற்குள் சாமித்தம்பி பிடித்துக்கொண்டார். “இது வந்த மாப்பிள்ளை செய்யிற வேலை” என்றார்.

முதல் போத்தலை யாரும் வாங்கவில்லை. கோலியை உள்ளே தள்ளியதும் ‘டப்’ என்று சத்தம் கேட்டு முன்வரிசை முழுவதும் பின்னால் சாய்ந்தது. நுரை பொங்கி என் கை வழியே ஓடியது.

“அடுப்பில்லாமக் கொதிக்குது” என்றார் ஒரு வயல் வட்டைக்காரக் கிழவர்.

“அதில பேய் இருக்கா?” என்று ஒரு பெண் கேட்டார்.

தெய்வானைப்பிள்ளை கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். என் கையிலிருந்து போத்தலை வாங்கி, தலையை நிமிர்த்தி, விடாமல் குடித்தார். போத்தலுக்குள் கோலி உருளும் சத்தம் மட்டும் கேட்டது. குடித்து முடித்து, ஒரு நிமிஷம் அசையாமல் நின்றார். பிறகு வந்தது பாருங்கள் ஓர் ஏப்பம். கோயில் மேளம் அந்த நேரம் ஓய்ந்திருந்தது; வேலிக்கு அப்பால் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

“என்ர கிணத்துத் தண்ணிதான்” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “கொஞ்சம் கோவத்தோட இருக்கு. குடியுங்க.”

அதற்குப் பிறகு நாங்கள் தலை நிமிரவில்லை. குடித்த போத்தலைக் கழுவி, நிரப்பி, மறுபடி கொடுத்தோம். நடுநடுவே போத்தல் வெடித்தது. ஒன்றில் சாமித்தம்பியின் தலைத்துண்டு பறந்துபோய்ப் பூவரசில் தொங்கியது. அவர் அதை எடுக்கவும் போகவில்லை. மீராலெவ்வை காக்கா தமது கூட்டாளிகளோடு வண்டி கட்டி வந்து, ஆளுக்கு இரண்டு குடித்து, “லவ் லெட்டருக்குப் பதில் வந்திட்டுதா தம்பி?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். பலர் காசை நீட்டினார்கள். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினோம். ஒருவர் விடாமல் ஐந்து சதத்தை மிஷின் மேல் வைத்துவிட்டு நடந்தார். நான் அதை எடுத்துக்கொண்டு குளக்கட்டு வரை ஓடி அவர் கையில் திணித்துவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது தெய்வானைப்பிள்ளை வேலியோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டாவது சிலிண்டரும் காலியானது. அண்ணன் முகவலையைக் கழற்றினார். முகம் முழுக்கக் கட்டம் கட்டமாக அச்சு விழுந்திருந்தது.

மறுநாள் காலை நாங்கள் எழுவதற்கு முன்பே விதானையார் வளவுக்குள் நின்றார். தெய்வானைப்பிள்ளை ஆள் அனுப்பினாராம்; குடையும் தோல்பையுமாக வந்திருந்தார். முந்தின நாள் அவர் மூன்று போத்தல் குடித்ததாக அவரே சொன்னார். பலகையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கியவர், பாதியில் பேனாவை நிறுத்தினார்.

“தாய்வழி என்ன, ஆர்ர ஆக்கள் எண்டு கேட்டு எழுதுறதுதான் இஞ்ச வழக்கம். இவங்களுக்கு இஞ்ச ஆர் இருக்கு?”

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. “என்ர வளவில இருக்கிற பொடியன்கள் எண்டு எழுதுங்க. பெரியவன்ர பொஞ்சாதி அடுத்த கப்பல்ல வாறா. அவ வந்தா எனக்கும் கதைக்க ஒரு ஆள் கிடைக்கும்.”

விதானையார் அப்படியே எழுதினார். எழுத்து சுமார்தான், ‘சண்முகம்’ என்பதில் ஓர் எழுத்தை அடித்துத் திருத்தியிருந்தார். ஆனால் நான் இதுவரை படித்த எந்தப் புத்தகத்திலும் அவ்வளவு நல்ல நாலு வரி கிடையாது. அதை அண்ணனுக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினேன். குமாஸ்தா அன்று மத்தியானமே அனுமதியை எழுதித் தந்தார். நாங்கள் திரும்பி வரும்போது வேலிக்கு வெளியே பதினொரு பேர் காசோடு நின்றார்கள். “தெய்வானைப்பிள்ளை வளவுச் சோடா இருக்கா?” என்று கேட்டார்கள். கம்பெனிக்கு நான் யோசித்து வைத்திருந்த பெயர் வேறு. அது இனி எதற்கு? கேஸ்தான் இல்லை. நாளை மறுநாள் வரும் என்று சொல்லி அனுப்பினோம்.

தூத்துக்குடிக்காரருக்கு, மிஷின் திரும்பி வராது என்று ஒரு கார்டு எழுதினேன். மதினிக்கு அண்ணன் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுதினேன். அதில் முக்கால்வாசி தண்ணீரைப் பற்றித்தான். கடைசியாக அப்பாவுக்கு. அவர் யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லுவார். முடிவில் எவ்வளவு ஆயிற்று என்றுதான் கேட்பார். ஆகவே கணக்கையும் எழுதினேன். விதானையார் எழுத்துக்குக் கூலி வாங்கவில்லை. கிணற்றுத் தண்ணீருக்குக் காசில்லை. சீனி, எசன்ஸ், இரண்டு சிலிண்டர் கேஸ், வெடித்த பதினேழு போத்தல், ஒரு வட்டா வெற்றிலை, அத்தோடு என் அழகான கையெழுத்தில் வீணாகிப்போன முத்திரைத்தாள் ஒன்று: இந்த ஊரில் குடியிருக்க எங்களுக்கு ஆன மொத்தச் செலவு அறுபத்தேழு ரூபாய் நாற்பது சதம்.